பழைய போஸ்ட் ப்ராசஸர் தகராறு செய்யும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மெஷின் இருபது வருடப் பழசு, போஸ்ட் பத்து வருடப் பழசு, கேம் மென்பொருள் மட்டும் போன மாதம் புதிதாக வந்தது. கேம் மென்பொருள் டூல் பாதையைப் போடும்; போஸ்ட் (போஸ்ட் ப்ராசஸர்) அந்தப் பாதையை மெஷினுக்குப் புரியும் ஜி கோடாக மாற்றிக் கொடுக்கும். இந்தச் சேர்க்கையில் வரும் கோளாறுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். கடைசியில் வரும் நான்காவது அச்சுப் பகுதி தவிர, உதாரணங்கள் எல்லாம் ஃபேனக் கன்ட்ரோலர் (மெஷினை இயக்கும் கணினி) உள்ள மூன்று அச்சு வெர்ட்டிகல் மெஷினிங் சென்டருக்கானவை. போஸ்ட் பக்கம் மாஸ்டர்கேம், ஃப்யூஷன், சீமென்ஸ் என்எக்ஸ் என்ற மூன்று கேம் மென்பொருள்களையும் தொட்டுப் போகிறோம். கோடு எழுத்துகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறோம். கன்ட்ரோலரில் அடிக்கும்போது அந்தந்த எழுத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

போஸ்ட் கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு வேறு ஃபோல்டரில் வையுங்கள். அதோடு, அந்த மெஷினில் ஒழுங்காக ஓடி நல்ல ஜாப் கொடுத்த பழைய என்சி ப்ரோக்ராம் (மெஷினில் ஓடும் ஜி கோடு கோப்பு) ஒன்றையும் தேடி எடுங்கள். அந்த மெஷினுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதற்கு அதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. கையேட்டில் இருக்கும் பல கோடுகள் ஆப்ஷன். காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் வேலை செய்யும்.

அடுத்து, கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று பிரியுங்கள். கேம் திரையில் டூல் பாதை சரியாக இருக்கிறதா? என்சி கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தால் அதே பாதை வருகிறதா? கோப்பில் எழுதியிருப்பதைத்தான் மெஷின் செய்கிறதா? முதல் கேள்விக்கே இல்லை என்றால் போஸ்ட்டைத் தொடாதீர்கள். மூன்றாவதில் மட்டும் இல்லை என்றால் பேராமீட்டரையும் (கன்ட்ரோலரின் உள் அமைப்பு எண்கள்) ஆஃப்செட்டையும் பாருங்கள். நடுவில் உள்ளதற்கு இல்லை என்றால்தான் போஸ்ட் குற்றவாளி.

சோதனைக்கு ஒரு சின்ன ஜாப் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டர் காம்பன்சேஷனுடன் (கட்டரின் ஆரத்துக்கு ஏற்பப் பாதையைத் தள்ளும் வசதி) ஒரு சதுரம், ஒரு முழு வட்டம், 270 டிகிரி வில் ஒன்று, ஜி18 (எக்ஸ்-இசட்), ஜி19 (ஒய்-இசட்) தளங்களில் ஆளுக்கொரு வில், வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், ட்ரில்லும் டேப்பும், இரண்டு டூல், இரண்டு வொர்க் ஆஃப்செட் (ஜாப்பின் பூஜ்யப் புள்ளி எங்கே என்று சொல்வது; ஜி54, ஜி55 போன்றவை) இருக்கட்டும். போஸ்ட்டில் ஒரு எழுத்து மாற்றினாலும் இந்த ஜாப்பை மறுபடி போஸ்ட் செய்து, முந்தைய கோப்போடு வின்மெர்ஜ் போன்ற ஒப்பீட்டுக் கருவியில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்த வரி மட்டும் மாறியிருக்க வேண்டும். எதிர்பாராத ஒரு வரி மாறியிருந்தாலும் காரணம் தெரியும்வரை மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முதல் ஓட்டம் காற்றில்தான். வொர்க் ஆஃப்செட் பக்கத்தில் 00 என்ற வெளி ஆஃப்செட்டில் இசட்டுக்கு 100 மி.மீ. ஏற்றி, ரேப்பிட் ஓவர்ரைடை 25 சதவீதத்தில் வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி) ஓட்டுங்கள்.

அறிகுறி: போஸ்ட்டே ஓடவில்லை, அல்லது கோப்பு பாதியில் நிற்கிறது

மாஸ்டர்கேமில் .பிஎஸ்டி கோப்பின் முதல் வரி போஸ்ட்டின் பதிப்பைச் சொல்கிறது. அதைக் கையால் திருத்திப் புதிய பதிப்பு எண்ணைப் போட்டு ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு; பின்னால் புரியாத கோளாறாக முளைக்கும். மென்பொருளோடு வரும் போஸ்ட் அப்டேட் வசதியை ஓட்டுங்கள். பக்கத்தில் அதே பெயரில் .பிஎஸ்பி என்ற கோப்பு இருந்தால், போஸ்ட்டின் ஒரு பகுதி பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். பூட்டிய பகுதியில் பிழை என்றால் விற்பனையாளரிடம்தான் போக வேண்டும்.

என்எக்ஸ் போஸ்ட் பில்டரில் செய்தவை .பியூஐ, .டிசிஎல், .டெஃப் என்று மூன்று கோப்புகளாக இருக்கும். ஒன்றை மட்டும் நகலெடுத்துப் புதிய கணினிக்குக் கொண்டுவந்துவிட்டு 'போஸ்ட் வரவில்லை' என்று நிற்பது அடிக்கடி நடக்கிறது. பட்டியலில் பெயர் தெரிய, டெம்ப்ளேட் போஸ்ட் பட்டியல் கோப்பிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஓடும்போது 'நோ சச் வேரியபிள்' என்று பிழை வந்தால், பழைய பதிப்பு கொடுத்துவந்த ஒரு மாறியைப் புதிய பதிப்பு அந்த ஆபரேஷனுக்குக் கொடுக்கவில்லை என்று பொருள். அந்த மாறியைப் படிக்கும் இடத்தில் 'இன்ஃபோ எக்ஸிஸ்ட்ஸ்' சோதனை வையுங்கள். சும்மா 0 என்று மதிப்பு கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். அது ஃபீடாக (வெட்டும்போது டூல் நகரும் வேகம்) இருந்தால் மெஷினில் 011 அலாரமாக வந்து நிற்கும்.

ஃப்யூஷனின் .சிபிஎஸ் கோப்பு ஜாவாஸ்கிரிப்ட். பிழை வந்தால் லாக் கோப்பின் கடைசியில் வரி எண்ணோடு சொல்லிவிடும், தேட வேண்டியதில்லை.

கோப்பில் தப்பான வரி தெரிகிறது, ஆனால் போஸ்ட்டின் எந்தப் பகுதி அதை எழுதியது என்று தெரியவில்லை என்றால், யூகித்துத் திருத்தாதீர்கள். மாஸ்டர்கேமில் 'பக்2' என்ற மாறிக்கு 40 போல ஒரு பத்தி எண் கொடுத்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அதை எழுதிய பகுதியின் அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். என்எக்ஸில் ரிவ்யூ டூல் அதையே மூன்று பத்தியாகக் காட்டும். ஃப்யூஷனில் 'டம்ப்' என்ற போஸ்ட் இருக்கிறது; கேம் அனுப்பும் மூலத் தரவை அப்படியே கொட்டும். கேம் தப்பாக அனுப்பியதா, போஸ்ட் தப்பாக எழுதியதா என்ற வழக்கு அதோடு தீர்ந்துவிடும்.

அறிகுறி: ப்ரோக்ராம் மெஷினுக்குள் ஏறவில்லை

085 அலாரம் தகவல் தொடர்புப் பிழை: இரண்டு பக்கமும் பாட் ரேட், பேரிட்டி ஒன்றாக இல்லை. 086 என்றால் எதிர்ப்பக்கக் கருவி தயாராக இல்லை; கேபிளைப் பாருங்கள். 087 என்றால் கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்ன பிறகும் கணினி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஹேண்ட்ஷேக் அமைப்பு தப்பு. இவை மூன்றும் போஸ்ட்டின் வேலை அல்ல.

போஸ்ட்டின் வேலை எது என்றால், முதல் வரியும் கடைசி வரியும் % ஆக இருப்பது, ப்ரோக்ராம் எண் ஓ எழுத்தோடு நான்கு இலக்கத்தில் இருப்பது, கமென்ட் சுத்தமாக இருப்பது. புதிய கேம் மென்பொருள் டூல் பெயரையும் ஆபரேஷன் பெயரையும் கமென்ட்டில் கொட்டும். அதில் சிறிய எழுத்து, விட்டக் குறி, அடைப்புக்குள் அடைப்பு எது வந்தாலும் பழைய கன்ட்ரோலர் திணறும். பெரிய எழுத்து, எண், இடைவெளி தவிர மற்றதை எல்லாம் கமென்ட்டிலிருந்து வடிகட்டும்படி போஸ்ட்டில் எழுதுங்கள்.

070 வந்தால் நினைவகம் தீர்ந்தது. பழைய கன்ட்ரோலரில் நினைவகத்தை டேப் நீளத்தில் சொல்வார்கள். காகித நாடாவில் அங்குலத்துக்கு 10 எழுத்து. ஆக 80 மீட்டர் என்பது ஏறக்குறைய 31,500 எழுத்துதான். 5,000 வரி ப்ரோக்ராமில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு இலக்க என் எண்ணும் ஓர் இடைவெளியும் போட்டால் அதுவே 30,000 எழுத்து! வரி எண்ணை டூல் மாற்றத்தில் மட்டும் போடுங்கள். ஆபரேட்டர் பாதியிலிருந்து தொடங்க அது போதும்.

அறிகுறி: டூல் நகரவே இல்லை போலிருக்கிறது, அல்லது 007 அலாரம்

எக்ஸ்50 என்று புள்ளியில்லாமல் எழுதினால், 3401 பேராமீட்டரின் 0-ஆம் பிட் 0-ஆக உள்ள ஃபேனக்கில் அது 0.050 மி.மீ. அதே பிட் 1-ஆக இருந்தால் 50 மி.மீ. பக்கத்து மெஷினில் ஓடிய ப்ரோக்ராம் இங்கே ஓடாததற்கு இது முக்கியக் காரணம். பேராமீட்டரை மாற்றிச் சரிசெய்ய வேண்டாம். கையால் எழுதிய பழைய ப்ரோக்ராம்கள் அந்தப் பிட்டை நம்பி இருக்கலாம். மாற்றினால் அவை ஆயிரம் மடங்கு நகரும். போஸ்ட்டில் புள்ளியைக் கட்டாயமாக்குங்கள்.

எக்ஸ், ஒய், இசட், ஐ, ஜே, கே, ஆர், க்யூ இவற்றுக்குப் புள்ளி வேண்டும். எஸ், எச், டூல் எண், டுவெல் (டூல் நகராமல் காத்திருப்பது) நேரத்தின் பி, மறுமுறை எண்ணின் எல் இவற்றுக்குக் கூடாது, போட்டால் 007. ஒரு நொடி டுவெல் என்றால் ஜி04 பி1000, அல்லது ஜி04 எக்ஸ்1.0.

மாஸ்டர்கேமில் எஃப்எஸ்2 என்று தொடங்கும் வரிகளில்தான் இந்த அமைப்பு. அதில் முதல் எண் அங்குலத்துக்கு, இரண்டாவது மெட்ரிக்குக்கு: 0.4 0.3 என்றால் அங்குலத்தில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம், மி.மீ.யில் மூன்று. ஃப்யூஷனில் கிரியேட்ஃபார்மட் வரிகள். ஒரே ஃபார்மட்டைப் பல எழுத்துகள் பகிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், மாற்றுவதற்கு முன் அந்தப் பெயரை கோப்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். எக்ஸுக்காக மாற்றப் போய் பி-க்கும் புள்ளி வந்துவிடும்.

அறிகுறி: வட்டத்தில் கோளாறு

போஸ்ட் தகராறில் பாதி இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் பார்ப்போம்.

020 அலாரம் வந்தால், வில்லின் தொடக்கத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரமும் முடிவிலிருந்து மையத்துக்கு உள்ள தூரமும் ஒன்றாக இல்லை. வித்தியாசம் 3410 பேராமீட்டரில் உள்ள அளவைத் தாண்டிவிட்டது. அலாரம் வந்த வரியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். டூல் எக்ஸ்10. ஒய்0. புள்ளியில் நிற்கிறது, அடுத்த வரி ஜி03 எக்ஸ்0. ஒய்10.02 ஐ-10. ஜே0. என்றால் மையம் 0,0. (ஜி03 இடஞ்சுழி வில், ஜி02 வலஞ்சுழி வில்; ஐ, ஜே தொடக்கத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம்.) தொடக்க ஆரம் 10, முடிவு ஆரம் 10.02, வித்தியாசம் 0.02.

இந்த வித்தியாசத்தின் அளவே நோயைச் சொல்லிவிடும். மூன்று இலக்க மெட்ரிக்கில், எண்ணை முழுமையாக்குவதால் மட்டும் வரும் வித்தியாசம் 0.003-ஐத் தாண்டாது. அதற்குள் இருந்தால் 3410 மிகக் கறாராக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது போஸ்ட் ஐ, ஜே மதிப்பை முழுமையாக்காத தொடக்கப் புள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. கோப்பில் எழுதிய எக்ஸ், ஒய் மதிப்பிலிருந்து கணக்கிடும்படி திருத்தினால் வித்தியாசம் இன்னும் குறையும். வித்தியாசம் 0.05 மி.மீ. சுற்றி நின்றால் அங்குல ப்ரோக்ராமை மூன்று இலக்கத்தில் எழுதுகிறதா என்று பாருங்கள், நான்காக்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில், பத்து நூறு என்று வித்தியாசம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், மையம் அப்சல்யூட்டா இன்க்ரிமென்டலா என்ற குழப்பம். ஃபேனக் ஐ, ஜே மதிப்பைத் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணும். வேறு கன்ட்ரோலருக்கு எழுதிய போஸ்ட் ஆரிஜினிலிருந்து எண்ணிக் கொடுத்திருக்கும்.

3410-ஐப் பெரிதாக்கி அலாரத்தை அடக்குவது பெரிய தப்பு. 16ஐ, 18ஐ வரிசையில் அங்கே 0 வைத்தால் சோதனையே நடக்காது. வில் எங்கேயோ போய் முடியும், ஜாப்பில் படி தெரியும், அலாரம் மட்டும் வராது.

அலாரமே இல்லாமல் ஜாப்பில் ஒரு முழு வட்டம் வெட்டிவிட்டதா? இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஃபினிஷிங் பாதையில் கேம் ஒரு மிகச் சிறிய வில்லை அனுப்புகிறது, நீளம் 0.0004 மி.மீ. என்று வையுங்கள். மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கியதும் முடிவுப் புள்ளி தொடக்கப் புள்ளியாகவே ஆகிவிடுகிறது. மாறாத எக்ஸையும் ஒய்யையும் போஸ்ட் விட்டுவிடுகிறது. வரியில் ஜி02 ஐ5. ஜே0. மட்டும் மிஞ்சுகிறது. ஐ, ஜே மட்டும் இருந்தால் ஃபேனக்குக்கு அது முழு வட்டம். கேம் திரை சிமுலேஷன் என்சி கோப்பைப் படிக்காததால் அங்கே ஒன்றும் தெரியாது.

தீர்வு: வில் எழுதும் ஃபங்ஷனில், முழுமையாக்கிய தொடக்கமும் முடிவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்து, கேம் அனுப்பியது 360 டிகிரி வட்டம் இல்லை என்றால், அந்த வரியை ஜி01 (நேர்கோடு) ஆக எழுதுங்கள். மாஸ்டர்கேமில் ஆர்க்செக் என்ற மாறியை 1 ஆக்கி, எல்டால் என்ற மாறியில் மிகக் குறைந்த நீளத்தைக் கொடுத்தால் அதைவிடச் சிறிய வில் நேர்கோடாகும். ஃப்யூஷனில் மினிமம்கார்ட்லெங்த் அந்த வேலையைச் செய்கிறது. பொதுவான ஃபேனக் போஸ்ட்டில் 0.25 மி.மீ. என்று இருக்கும். பழைய போஸ்ட்டில் யாரோ அதை 0 ஆக்கியிருக்கக் கூடும், பாருங்கள்.

சுவரின் ஓரத்தில் வளைந்து இறங்க வேண்டிய கட்டர் உள்ளே குடைந்து போகிறது என்றால் ஜி18. இந்தத் தளத்தை ஒய்யின் நேர்த் திசையிலிருந்து பார்த்துத்தான் கடிகாரச் சுற்றைத் தீர்மானிக்கிறார்கள். நாம் மெஷின் முன்னால் நின்று பார்ப்பதோ எதிர்ப்பக்கத்திலிருந்து. அதனால் நம் கண்ணுக்கு ஜி02 இடஞ்சுழியாகத் தெரிவதே சரி. பழைய போஸ்ட் எழுதியவர் அதைத் தப்பு என்று எண்ணித் தலைகீழாக்கியிருப்பார். ஜி17, ஜி19 இரண்டும் சரியாக வந்து ஜி18 மட்டும் திரும்பினால் இதுதான் காரணம். எழுத்து இணையையும் பாருங்கள்: ஜி17-க்கு ஐ ஜே, ஜி18-க்கு ஐ கே, ஜி19-க்கு ஜே கே.

ஆர் வடிவத்தில் எழுதும் போஸ்ட் என்றால், 180 டிகிரியைத் தாண்டிய வில்லுக்கு ஆர் எதிர்மறையாக இருக்க வேண்டும். முழு வட்டத்தை ஆர் வைத்து எழுதவே முடியாது, இரண்டாக உடைக்க வேண்டும். முடிந்தவரை ஐ, ஜே பக்கம் போய்விடுங்கள்.

034 அலாரம் வந்தால் போஸ்ட்டைத் தொட வேண்டாம். கட்டர் காம்பன்சேஷனை ஜி41 தொடங்கும் வரியோ ஜி40 முடிக்கும் வரியோ வில்லாக இருக்கிறது. கேமில் லீட்-இன்னுக்கு முன் ஒரு நேர்கோடு சேருங்கள்.

அறிகுறி: முதல் டூல் சரி, இரண்டாவது டூல் எங்கேயோ போகிறது

டூல் மாற்ற ஜி91 ஜி28 இசட்0 எழுதிய போஸ்ட், ஜி90 (பூஜ்யப் புள்ளியிலிருந்து அளப்பது) எழுத மறந்தால் அடுத்த எக்ஸ், ஒய் எல்லாம் இன்க்ரிமென்டலாக, அதாவது நிற்கும் இடத்திலிருந்து அளந்து, போகும். ஜி28 வரிக்கு அடுத்த வரியிலேயே ஜி90 இருக்க வேண்டும். இருபது வரி தள்ளி ஜி54 வரியில் வரும் என்று விடக் கூடாது, ஆபரேட்டர் நடுவிலிருந்து தொடங்கினால் அது கிடைக்காமல் போகும்.

ஜி90 இருந்தும் தப்பாகப் போனால், போஸ்ட் எக்ஸ் அல்லது ஒய்யை விழுங்கியிருக்கிறது. முந்தைய டூல் எக்ஸ்25.-இல் முடிந்தது, புதிய டூலும் எக்ஸ்25.-இல் தொடங்குகிறது, மாறவில்லை என்று போஸ்ட் எழுதவில்லை. நடுவில் டேபிள் முன்னால் வந்ததோ, ஜி54 ஜி55 ஆனதோ அதற்குத் தெரியாது. டூல் மாற்றத்திலும் ஆஃப்செட் மாற்றத்திலும் எல்லா அச்சையும் கட்டாயமாக எழுத வையுங்கள். மாஸ்டர்கேமில் மாறியின் முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் கட்டாயம். ஃப்யூஷனில் ஃபோர்ஸ்எக்ஸ்ஒய்இசட் அழைப்பு.

தொடக்கத்தின் வரிசையும் முக்கியம். ஜி17 ஜி40 ஜி49 ஜி80 ஜி90, பிறகு ஆஃப்செட்டோடு எக்ஸ் ஒய், அதன்பின் ஜி43 (டூல் நீள ஆஃப்செட்) எச் எண்ணோடு இசட். எச் எண்ணும் டூல் எண்ணும் ஒன்றா என்று போஸ்ட்டே சோதித்து, இல்லையென்றால் கோப்பை எழுதாமல் நிற்க வேண்டும்.

ஆஃப்செட்டில் இன்னொரு பொறி. பழைய போஸ்ட் 54-ஓடு, 0-இல் தொடங்கும் வரிசை எண்ணைக் கூட்டி எழுதும். ஆறு வரை சரி. ஏழாவது ஆஃப்செட் கேட்டால் ஜி60 என்று எழுதிவிடும். அது ஃபேனக்கில் ஒருதிசைப் பொசிஷனிங். ஜி54.1 ஆப்ஷன் மெஷினில் இருந்தால் அதை எழுதட்டும், இல்லாவிட்டால் பிழை சொல்லி நிற்கட்டும்.

அறிகுறி: துளை ஆழம் தப்பு, டேப் முறிகிறது

வெவ்வேறு உயரத்துத் துளைகளை ஒரே ஆபரேஷனில் வைக்கப் புதிய கேம் அனுமதிக்கிறது. பழைய போஸ்ட் முதல் துளைக்கு மட்டும் இசட்டும் (ஆழம்) ஆரும் (துளைக்கு மேலே ஃபீட் தொடங்கும் உயரம்) எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு எக்ஸ் ஒய் மட்டும் கொடுக்கும். ஒவ்வொரு துளையிலும் இசட், ஆர் மாறியதா என்று பார்த்து எழுதும்படி திருத்துங்கள். துளைகளுக்கு நடுவே கிளாம்ப்பில் கட்டர் மோதுகிறது என்றால், தொடக்க உயரத்துக்கு ஏறும் ஜி98 இருக்க வேண்டிய இடத்தில், ஆர் உயரத்துக்கு மட்டும் ஏறும் ஜி99 இருக்கிறது.

டேப்பில் ஃபீட் என்பது சுழலும் வேகம் பெருக்கல் பிட்ச் (இரண்டு புரிக்கு நடுவே உள்ள தூரம்). எம்8 அளவில் 1.25 பிட்ச், 400 ஆர்பிஎம் என்றால் எஃப்500. அங்குலத்துக்கு 28 புரி, 350 ஆர்பிஎம் என்றால் 317.5 வரும். ஃபீடை முழு எண்ணாக எழுதும் போஸ்ட் 318 என்று போடும், 20 மி.மீ. ஆழத்தில் அது 0.03 மி.மீ. இழுப்பு. மிதக்கும் டேப் ஹோல்டர் தாங்கிக்கொள்ளும், ரிஜிட் டேப்பிங்கில் புரியைச் சுரண்டும். ஃபீடுக்கு ஓர் இலக்கமாவது விடுங்கள். ரிஜிட் டேப்பிங்குக்கு ஜி84-க்கு முந்தைய வரியில் எம்29-உம் எஸ் மதிப்பும் பல மெஷின்களில் தேவை. ஆப்ஷன் இல்லாத மெஷினில் அதுவே அலாரமாகும். பழைய நல்ல ப்ரோக்ராமைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள்.

அறிகுறி: 3டி பரப்பில் மெஷின் விக்கி விக்கி ஓடுகிறது

ஆர்எஸ்-232 வழியாக டிஎன்சி (கணினியிலிருந்து வரி வரியாக அனுப்பிக்கொண்டே ஓட்டுவது) ஓடுகிறதா? 9600 பாட், ஏழு பிட், ஈவன் பேரிட்டி, இரண்டு ஸ்டாப் பிட் என்றால் ஓர் எழுத்துக்கு 11 பிட். நொடிக்கு 870 எழுத்துதான் போகும். எக்ஸ் ஒய் இசட் மூன்றும் உள்ள ஒல்லியான வரி 22 எழுத்து, நொடிக்கு 40 வரி. புள்ளிகளுக்கு இடையே 0.1 மி.மீ. என்றால் நொடிக்கு 4 மி.மீ., நிமிடத்துக்கு 240 மி.மீ. எஃப்1500 என்று எழுதி என்ன பயன்? வரி எண், இடைவெளி, ஜி01, ஃபீட் எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியிலும் எழுதும் போஸ்ட்டில் வரி 40 எழுத்தைத் தாண்டும், வேகம் பாதியாகும். திரும்பத் திரும்ப வருபவற்றை நீக்குங்கள், இடைவெளியை எடுங்கள், கேமில் ரஃபிங் டாலரன்ஸைத் தளர்த்துங்கள். கேபிள் தாங்கினால் 19200-க்கு மாறுங்கள்.

அறிகுறி: நான்காவது அச்சு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது

போஸ்ட் டூல் சுற்றுவதாக எண்ணிக் குறி போடுகிறது. மெஷினில் சுற்றுவது டேபிள். குறியை மாற்றுங்கள். 350-இலிருந்து 10-க்குப் போக முழுச் சுற்றும் திரும்பி வந்தால் 1008 பேராமீட்டரின் ரோல்-ஓவர் அமைப்பையும், போஸ்ட் 360-ஐத் தாண்டி எழுதுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏ அச்சு மட்டும் சுற்றும் வரியில் எஃப் என்பது டிகிரி கணக்கு: 50 மி.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 200 மி.மீ. வேண்டுமென்றால் எஃப்229.

திருத்தி முடித்த பிறகு

போஸ்ட் கோப்பின் தலையில் தேதி, மாற்றிய வரி, காரணம் மூன்றையும் கமென்ட்டாக எழுதுங்கள். அதே தேதியை ஒவ்வொரு என்சி கோப்பின் இரண்டாவது வரியிலும் போஸ்ட் எழுதட்டும். எந்தப் போஸ்ட்டில் வந்த ப்ரோக்ராம் என்று மெஷின் திரையிலேயே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜாப்களின் ப்ரோக்ராமைப் புதிய போஸ்ட்டில் மறுபடி எடுக்க வேண்டாம், அவை அப்படியே இருக்கட்டும். 00 ஆஃப்செட்டில் ஏற்றிய 100 மி.மீ.யை மறக்காமல் 0 ஆக்கிவிட்டு மெஷினை ஆபரேட்டரிடம் கொடுங்கள்.